கச்சானை யாரிட்டைக் கொண்டு போறது

...அல்லது இன்னும் ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தால் என்ன, கட்டி தானாகவே வற்றிப் போகாதா, போன வருடம் அம்மாவின் கழுத்தில் வந்தது மஞ்சள் பூசிப் பூசியே வற்றிப் போகவில்லையா, இல்லை, அது வேறு, அது மனிசக் கழுத்து, இது முயல், முயலுக்குச் சீழ் தண்ணீராக ஓடாது, பற்பசை மாதிரி இறுகி உள்ளேயே இருக்கும் என்று அவள் வாசித்திருக்கிறாள், வாசிக்காமல் விட்டிருக்கலாம், வாசித்த நாளிலிருந்து பற்பசையைப் பிதுக்கும்போதெல்லாம் கட்டிதான் நினைவு வருகிறது... சுபாஜினி ஆட்காட்டி விரலை முயலின் தாடைக்குக் கீழே மெல்லக் கொண்டுபோனாள், அது அறியாத மாதிரி, ஆனால் கச்சானுக்குத் தெரியாதது எது, விரல் வரும் முன்பே காதிரண்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, திரும்பவும் நீயா என்பதுபோல. திரும்பவும் நான்தான் ராசா, கோவியாதை. திங்கட்கிழமை கடலையளவு, புதன்கிழமை புளியங்கொட்டை, இன்றைக்குச் சனிக்கிழமை, பலாக்கொட்டையே வந்து உட்கார்ந்துவிட்டது. பொறுக்க முடியாது. மணி எட்டேகால். ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணம் டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக்கில் கச்சானுக்கு ஒப்பரேசன். அதே ஒன்பது மணிக்குச் சுன்னாகத்தில் டொக்டர் லவீனாவின் வீட்டிலும் கச்சானுக்கு ஒப்பரேசன். இரண்டு இடத்திலும் பெயர் கொடுத்து வைத்திருக்கிறாள், ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு முயலை இரண்டாகப் பிளந்தா அனுப்புவது... ஐயோ, பிளந்து என்று ஏன் நினைத்தாள், இன்றைக்குப் போய் அந்தச் சொல்லா வாயில் வரவேண்டும், வாயில் வரவில்லை, மனதில்தான் வந்தது, அது கணக்கில் சேராது.

கச்சான் என்ற பெயர் அவள் வைத்தது. வறுத்த கச்சானின், நிலக்கடலையின், தோல் நிறம், கையில் எடுத்த நாளில் அளவும் கிட்டத்தட்ட ஒரு கடதாசிச் சரைக் கச்சான்தான், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வாசலில் கூட்டுக்குள் ஒன்பது குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்க இது மட்டும் மூலையில் தனியாக இருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது, அந்தக் கழுவலில்தான் விழுந்துபோனாள். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார், எட்டிப் பார்த்தார், “உது என்ன, கறிக்கோ?” என்று ஒரே ஒரு கேள்வி, அவள் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. இராசநாயகம் என்கிற அந்த மனிதர் இப்போது தினமும் தோட்டத்திலிருந்து வரும்போது சாரத்து மடிப்புக்குள் அறுகம்புல் கொண்டுவருகிறார், கேட்டால் “வழியிலை கிடந்தது” என்பார், வழியில் கிடக்கிற புல் எப்படி வேர் அறுத்து, மண் கழுவி, நுனி எல்லாம் ஒரு பக்கமாக அடுக்கிக் கிடக்கும் என்று அவள் கேட்பதில்லை, கேட்டால் நிறுத்திவிடுவார். கரட் இலை, முள்முருக்கம் இலை, அயல்வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பறித்த செவ்வரத்தம் பூ, எல்லாம் வழியில் கிடந்தவைதான். கட்டியை முதலில் கண்டதும் அவர்தான், அவள் இல்லை. அதுதான் அவளுக்கு உள்ளே அறுக்கிறது, ஒவ்வொரு நாளும் தூக்கிக் கொஞ்சுகிறவள் காணாததை அவர் புல்லுப் போடும்போது கண்டிருக்கிறார், “பிள்ளை, உது ஒரு பக்கத்தாலை சப்புது, ஒருக்காப் பார்” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமலே போய்விட்டார்.

அவள் பார்த்தாள், பார்த்த நாளிலிருந்து வேறு எதையும் பார்க்கவில்லை. சுபாஜினி அப்படித்தான், ஸ்கூட்டி வாங்க முன் நாற்பது வீடியோ பார்த்தவள், தலைக்கு எண்ணெய் மாற்றக்கூட மூன்று பேரின் அனுபவம் கேட்பவள், வேலை செய்கிற போட்டோக்கொப்பிக் கடையில் ஆட்கள் குறைந்த நேரமெல்லாம் முயல், முயல், முயல் என்று போனைத் தடவித் தடவி ஏழு கேள்விகள் எழுதினாள், டொக்டரிடம் கேட்பதற்கு, எழுதி அடித்து, அடித்ததை லமினேற்றும் பண்ணிவிட்டாள், மெசின் சும்மா சூடாகிக் கிடந்தது, அதுதான். டவுன் கிளினிக்கின் பேஸ்புக் பக்கத்தில் எல்லாமே அஞ்சு நட்சத்திரம், கழுத்தில் ரிபன் கட்டின நாய்க்குட்டிகள், ஏசிக்குக் கீழே பூனைகள், டொக்டரும் இளம் ஆள், சிரிக்கிற முகம். போனை எடுத்த பெண்ணின் குரலும் நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. “டொக்டர் முந்தி முயலுக்குச் செய்திருக்கிறாரோ?” “டொக்டர் எல்லாத்துக்கும் செய்வார் மிஸ்.” “எத்தினை முயலுக்கு?” விசைப்பலகைச் சத்தம் கேட்டது, பிறகு, “சனிக்கிழமை ஒன்பது மணி போட்டிருக்கிறன் மிஸ். முதல் நாள் இரவு பத்துக்குப் பிறகு சாப்பாடு தண்ணி ஒண்டும் குடுக்க வேண்டாம்.” “முயலுக்குமோ?” “எல்லாத்துக்கும் ஒண்டுதான் மிஸ்.” எல்லாத்துக்கும் ஒண்டுதான்... அந்த இடத்தில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது, ஏனென்றால் அவள் வாசித்த அத்தனை இடத்திலும் ஒரே கதை, நாயும் பூனையும் மயக்கத்தில் சத்தி, வாந்தி எடுக்கும், அதனால் வெறும் வயிறு, முயலுக்குச் சத்தி எடுக்கவே தெரியாது, அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், நின்றால் ஆள் முடிந்தது. ஆனால் வாசித்ததெல்லாம் சரியா, டொக்டருக்குத் தெரியாததா போனுக்குத் தெரியும், போனை எடுத்த பிள்ளைதான் பிழையாகச் சொன்னதோ, டொக்டர் வந்து பார்த்துச் சரியாகச் செய்வாரோ... ஏசி வேறு இருக்கிறதே.

அதனால்தான் வியாழக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு சுன்னாகத்துக்குப் போனாள், வீட்டில் சொல்லாமல், கச்சானைப் பைக்குள் வைத்து மறைத்துக்கொண்டு, களவாகச் சினிமாவுக்குப் போகிறவள் மாதிரி. வீட்டில் சொல்ல முடியாது. டொக்டர் லவீனா அரசாங்க மாட்டு டொக்டர், பின்னேரத்திலும் சனிக்கிழமையிலும் வீட்டோடு சேர்ந்த கார்க் கராச்சில் நாய் பூனையும் பார்ப்பவர், அந்தப் பெயரை எடுத்தால் அப்பா எழும்பி வெளியே போய்விடுவார், இரண்டு வருடமாக அப்படித்தான், சிவப்பி செத்த நாளிலிருந்து. சிவப்பி அவர்களுடைய பசு. கன்று போட்ட அடுத்த நாள் விழுந்தது, டொக்டர் லவீனா வந்து நரம்பில் ஒரு போத்தல் மருந்து ஏற்றினார், பொழுதுபட முன் செத்துப்போயிற்று, வந்த சனமெல்லாம் “உந்த மனிசியின்ரை ஊசியாலைதான்” என்று சொல்லிவிட்டுப் போனது, அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கன்றைக் கொடுத்துவிட்டார், பிறகு மாடே வாங்கவில்லை. அப்படிப்பட்ட ஆளிடமா கச்சானை... ஆனால் அந்தக் கராச்சில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று ஏழு கேள்வியையும் நீட்டியபோது டொக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, “லமினேற் பண்ணினதோ? நல்லது, என்ரை மேசையிலை நனையாத சாமான் ஒண்டுமில்லை” என்றார், கிண்டல் மாதிரித் தெரியவில்லை, உண்மையாகவே பாராட்டினார் போலத்தான் இருந்தது. சுவரோடு இரண்டு சப்பாத்து, முழங்கால் வரை வருகிற றபர் சப்பாத்து, தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. “எத்தினை முயலுக்குச் செய்திருக்கிறியள் டொக்டர்?” “நாலு. மூண்டு தப்பினது. ஒண்டு போயிட்டுது.” அப்படியே சொன்னார், குரலை இறக்காமல், ஏற்றாமல். “ஏன் போனது?” “மயக்கம் கூடிட்டுதெண்டு நினைக்கிறன், ஆனா சரியாத் தெரியாது பிள்ளை. அதுக்குப் பிறகு எனக்குப் படிப்பிச்சவரோடை கதைச்சு அளவை மாத்தினனான். இது பல்லு வேரிலை இருந்து வந்த கட்டியெண்டால் திரும்பி வரவும் கூடும், அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்.” பிறகு கச்சானின் மூக்கை ஒரு விரலால் தடவிக்கொண்டு, “இதைப் பட்டினி போட்டிடாதைங்கோ, என்ன. வரும் வரைக்கும் திண்டுகொண்டு வரட்டும், முழிச்ச உடனையும் தின்னவேணும், விரும்பித் தின்னுறது என்னவோ அதையும் கொண்டு வாங்கோ” என்றார். வீடு இணுவிலில் எவடம் என்று டொக்டர் கேட்டபோது அவள் ஸ்டேசன் பக்கம் என்று மட்டும் சொன்னாள், அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. டொக்டர் அவளை இன்னொரு தரம் பார்த்தார், அல்லது பார்த்தது மாதிரி அவளுக்குத்தான் இருந்ததோ.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது டவுன் கிளினிக் மட்டும்தான். அம்மாவுக்கும் அதுதான் தெரியும், பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் கொடுக்கக்கூடாது என்பதைப் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டா, விரதம் என்றால் அம்மாவுக்குக் கேட்டுக் கேள்வி இல்லை, கந்தசட்டி ஆறு நாளும் இளநீரோடு இருக்கிற குணலட்சுமிக்கு ஒரு நாள் பட்டினி எல்லாம் ஒரு பேச்சா, வேண்டாம் அம்மா, முயலுக்கு அப்படி இல்லை என்று சுபாஜினி எவ்வளவு சொல்லியும், “டொக்டர்மார் சொன்னால் சொன்னதுதான், நீ போனைப் பாத்துப் போட்டுக் கதையாதை” என்றுவிட்டா. காலையில் எழும்பிக் கூட்டைப் பார்த்தால் புல்லுச் சட்டியைக் காணவில்லை, எட்டு மணித்தியாலம், குடல், ஐயோ குடல் என்று குசினிக்கு ஓடினால் அங்கே அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, மடியில் கச்சானை வைத்து, செவ்வரத்தம் பூவை இதழ் இதழாகப் பிய்த்துத் தீத்திக்கொண்டு இருந்தா, களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தா. “ஏசாதை பிள்ளை. விடிய விடியக் குடுத்தனான். என்னைப் பாத்துப் பாத்து மூக்கை ஆட்டுது, நான் என்ன செய்யிறது?” “அம்மா...” “அதுக்குப் பதிலா நான் இருக்கிறன். தேத்தண்ணியும் குடிக்கேல்லை. அது வாயில்லாச் சீவன், அதுக்கு விரதம் பிடிக்கத் தெரியாது, அதுக்கும் சேர்த்து நான் பிடிக்கிறன், ஒப்பரேசன் முடிஞ்சு நீ போன் எடுத்தாப் பிறகுதான் வாயிலை தண்ணி. ஆனா டொக்டருக்குச் சொல்லிப்போடாதை.” சுபாஜினி அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள், அம்மாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை, பிழை செய்ததற்கு ஏன் கொஞ்சு விழுகிறது என்று. விளங்கப்படுத்த நேரமில்லை, விளங்கப்படுத்தினால் சுன்னாகத்தையும் சொல்லவேண்டி வரும். இப்படிப் பார்த்தால், இந்த ஊரில் முயலுக்குச் சரியான வைத்தியம் தெரிந்தது இரண்டே பேருக்குத்தான், ஒருவர் டொக்டர் லவீனா, மற்றது அம்மா, அம்மாவுக்கு மட்டும் அது தெரியாது.

“நான் கூடையைப் பிடிக்கிறன், நீ ஓடு” என்று அப்பா சொல்லியிருக்காவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. தனியாகப் போயிருப்பாள், ஒழுங்கையால் ஏறி வலப்பக்கம் திருப்பியிருப்பாள், வந்து சொல்லியிருப்பாள். இப்போது பின்சீற்றில் அப்பா, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கோயிலுக்கு வெளிக்கிட்ட மாதிரி, தலையில் கொஞ்சமும் பொருந்தாத அவளுடைய மஞ்சள் ஹெல்மெற், மடியில் மூடி போட்ட பிளாஸ்ரிக் கூடை, கூடைக்குள்ளிருந்து நறுக் நறுக் என்று சத்தம். காங்கேசன்துறை வீதிக்கு ஏற முன் ரயில் கடவை, அங்கே வரும்போது படலை சரியாக இவளுடைய முகத்துக்கு முன்னால் இறங்கியது. நல்லது, ரயில் போகும் வரைக்கும் யோசிக்கலாம், படலைக்கு அங்கால் வீதி, இடப்பக்கம் திரும்பினால் டவுன், வலப்பக்கம் சுன்னாகம், இதைவிடத் தெளிவாக யாரும் கேள்வி கேட்க முடியாது. பக்கத்தில் சைக்கிளில் காலை ஊன்றிக்கொண்டு நின்ற நமசிவாயம், இரண்டு வளவு தள்ளி ஆடு வளர்க்கிறவர், கூடையை எட்டிப் பார்த்தார். “என்ன இராசநாயகம், பெட்டைக் கோழியோ?” “முயல் அண்ணை.” “எட, எந்தச் சந்தைக்கு?” “சந்தைக்கில்லை. ஒப்பரேசனுக்கு.” நமசிவாயம் அப்பாவின் ஹெல்மெற்றைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், திரும்பக் கூடையைப் பார்த்தார். “உனக்கு ஏர்னியா ஒப்பரேசன் வந்தப்ப நீ பஸ்ஸிலை எல்லோ போனனி.” “அது எனக்குத்தானே அண்ணை.” அப்பா சிரிக்காமல் சொன்னார், நமசிவாயம் விழுந்து விழுந்து சிரித்தார், சுபாஜினிக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் போன் அடித்தது. டவுன் கிளினிக். “மிஸ், வாறியள்தானே? சாப்பாடு ஒண்டும் குடுக்கேல்லைத்தானே?” நறுக் நறுக் நறுக். “ரயில் கேற் பூட்டியிருக்கு” என்றாள் சுபாஜினி, அது உண்மை, கேட்டதற்குப் பதில்தான் இல்லை, “ஒரு அஞ்சு நிமிசத்திலை சொல்லுறன்.”

சொல்லவேண்டும். அஞ்சு நிமிடம் இல்லை, ரயில் வருகிற நேரம்தான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வலப்பக்கம் போ என்கிறது, அப்பாவுடைய முகம் இடப்பக்கம் போ என்கிறது, முகம் பின்னால் இருக்கிறது, பார்க்கக்கூட முடியாது, கண்ணாடியில் ஹெல்மெற்றின் மஞ்சள் மட்டும் தெரிகிறது. வலப்பக்கம் போய் ஏதும் நடந்தால்... நடந்தால் அந்த மனிசி சிவப்பியையும் கொன்றது, கச்சானையும் கொன்றது என்று ஆகிவிடும், அப்பா இன்னும் பத்து வருடத்துக்கு எழும்பி எழும்பி வெளியே போவார். இடப்பக்கம் போய் நடந்தால்... அப்போது அவள் தெரிந்துகொண்டே போனவள் ஆவாள், அப்பாவோடு கதைக்கப் பயந்து ஒரு முயலைக் கொடுத்தவள். அதை நினைத்ததும் வாய் தானாகவே திறந்துகொண்டது, முன்னால் பார்த்தபடியே, தண்டவாளத்தைப் பார்த்தபடியே, “அப்பா, நான் வியாழக்கிழமை சுன்னாகத்துக்குப் போனனான்” என்றாள், “டொக்டர் லவீனாவிட்டை. அவவுக்குத்தான் முயல் தெரியும் அப்பா. டவுனிலை அவைக்குத் தெரியாது, பட்டினி போடச் சொன்னவை, அது பிழை. உங்களுக்கு அவவோடை கோவம் எண்டு தெரியும், ஆனா...” “ஆர் சொன்னது?” “என்னது?” “அவவோடை எனக்குக் கோவம் எண்டு ஆர் சொன்னது?” நமசிவாயம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார். அப்பாவின் குரல் ஹெல்மெற்றுக்குள்ளிருந்து குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. “அண்டைக்குப் பெரிய வெள்ளி பிள்ளை. காலமை ஆறு மணிக்கே சிவப்பி எழும்பேல்லை, நான் கண்டனான். போனை எடுத்து நம்பரும் அமத்தினனான். பிறகு யோசிச்சன், அவ வேதக்காரர், இண்டைக்கெண்டு அவையின்ரை பெரிய நாள், மனிசி கோயிலிலை சிலுவைப்பாதையிலை நிக்கும், எங்கடை தேர்த் திருவிழாவண்டு ஆரும் வந்து மாட்டுக்கு வாவெண்டால் எங்களுக்கு எப்பிடி இருக்கும்... கரைச்சல் குடுக்கக்கூடாது, பின்னேரம் எல்லாம் முடியட்டும் எண்டு இருந்திட்டன். நாலு மணிக்குத்தான் எடுத்தனான்.”

சுபாஜினிக்கு அந்தப் பின்னேரம் தெரியும், ஆனால் இந்தப் பக்கத்தால் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது மோட்டச்சைக்கிள் வந்து நின்றதும், வெள்ளைச் சீலையோடு ஒரு மனிசி இறங்கி, சீலையைத் தூக்கிச் செருகக்கூட நிற்காமல் கொட்டிலுக்குள் போய் அந்தச் சாணத்திலும் மூத்திரத்திலும் முழங்காலில் இருந்ததும்தான், பெரிய வெள்ளிக்குக் கட்டின சீலை என்று அப்போது யோசிக்கவே இல்லை, கோயிலிலிருந்து அப்படியே எழும்பி வந்த ஆள் என்று யோசிக்கவே இல்லை. “அவ என்னைக் கேட்டவ” என்றார் அப்பா, “ஐயா, இது எப்ப விழுந்தது, ஏன் காலமையே எடுக்கேல்லை, காலமை எண்டால் இது எழும்பியிருக்குமே எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது... உங்கடை கோயிலுக்காகத்தான் பொறுத்தனான் எண்டு சொன்னால் பழி அவவின்ரை தலையிலை போடுற மாதிரி இருக்கும். பின்னேரந்தான் கண்டனான், தோட்டத்திலை நிண்டிட்டன் எண்டு பொய் சொன்னன். அவ நம்பினவ. மாட்டைத் திரும்பிப் பாக்காத மனிசன் எண்டு நினைச்சிருப்பா.” ரயில் வந்தது, பெட்டி பெட்டியாக, சன்னல்களில் கைகள், தூங்குகிற தலைகள், சத்தத்தில் கூடைக்குள் நறுக் நின்றது, அப்பா கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்கையால் மூடியை அமத்தியது அவளுடைய முதுகில் தெரிந்தது. இரண்டு வருடம்... இரண்டு வருடமாக எழும்பி வெளியே போனது கோபத்தில் இல்லை என்றால், எல்லோரும் அந்த மனிசியைத் திட்டத் திட்ட இவர் எப்படிச் சும்மா இருந்தார், அதுதானா, அதனால்தான் எழும்பிப் போனாரா, இல்லை என்று சொன்னால் உண்மையைச் சொல்லவேண்டி வரும் என்று... படலை உயர்ந்தது. பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். “எங்காலை அப்பா?” என்று கேட்டாள், கேட்கவேண்டியதில்லை, ஆனாலும் கேட்டாள். “நீதானே எல்லாம் பாத்தனி” என்றார் அப்பா. நமசிவாயம் சைக்கிளை உன்னிக்கொண்டே, “சுன்னாகத்துக்குப் போ பிள்ளை, சுன்னாகத்துக்குப் போ” என்று கையை வீசினார், ஏதோ தன்னுடைய முயல் மாதிரி. அவள் வலப்பக்கம் திருப்பினாள். டவுன் கிளினிக்குக்கு வீதியோரம் நிறுத்தி, வரவில்லை, மன்னிக்கவும் என்று எழுதி அனுப்பினாள், “பரவாயில்லை மிஸ், முயலுக்குச் சுகம் வரட்டும்” என்று உடனே பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம், நல்ல பிள்ளை, பாவம், அந்தப் பிள்ளையில் என்ன பிழை.

கராச்சு வாசலில் அப்பா ஹெல்மெற்றைக் கழற்றவில்லை, மறந்துபோனாரோ, மறைந்துகொண்டாரோ, கூடையைக் கட்டிப்பிடித்தபடி அவளுக்குப் பின்னால் நின்றார், அவளைவிட அரையடி உயர்ந்த மனிதர் அவளுக்குப் பின்னால். டொக்டர் லவீனா பச்சை மேலங்கியோடு வந்தார், முதலில் கூடையைப் பார்த்தார், மூடியைத் திறந்து, “திண்டுகொண்டுதானே வந்தவர்? கெட்டிக்காரன்” என்று கச்சானோடு கதைத்தார், பிறகுதான் நிமிர்ந்தார். மஞ்சள் ஹெல்மெற்றுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான், அவ்வளவுதான், இப்போது ஏதும் சொல்லப்போகிறார், கேட்கப்போகிறார்... “ஐயா, இது உங்கடை வீட்டு முயலோ? பிள்ளை சொல்லேல்லை” என்றார் டொக்டர். “ஓம் டொக்டர்.” “வேறை மாடு வைச்சிருக்கிறியளோ?” “இல்லை டொக்டர்.” “வைச்சிருக்கலாம்” என்றார் அவர், கச்சானைத் தூக்கித் தராசில் வைத்தார், ஒரு கிலோ அறுநூறு, சின்னத் தாளில் ஏதோ எழுதிக் கணக்குப் பார்த்தார், இரண்டாவது தரமும் பார்த்தார், சுபாஜினிக்கு அந்த இரண்டாவது தரம் பிடித்திருந்தது. “மயங்கும் வரைக்கும் ஆராவது ஒராள் உள்ளுக்கு வந்து பிடிக்கவேணும். தெரிஞ்ச கை எண்டால் நெஞ்சடிப்புக் குறையும், இதுகளுக்குப் பயத்திலையே உயிர் போயிடும்.” அது அவளுக்குத் தெரியும், வாசித்திருக்கிறாள், அதற்குத்தான் நகம் வெட்டி, மணக்கிற சவர்க்காரம் போடாமல் குளித்து, எல்லாம் ஆயத்தமாக வந்தவள், ஒரு அடி எடுத்தும் வைத்தாள். ஆனால் அப்பா ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார். ஹெல்மெற்றைக் கழற்றி அவளிடம் நீட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்.

உள்கதவு சாத்த முன் அப்பாவின் குரல் கேட்டது, “டொக்டர், அண்டைக்கு நான் உங்களுக்கு...” என்று, மிச்சம் கதவோடு போய்விட்டது. ஐயோ, இப்பவா, இப்பவா போய்ச் சொல்கிறார், ஊசி ஏற்றுகிற நேரத்தில், அந்த மனிசியின் கை நடுங்கினால் என்ன செய்வது, கண் கலங்கினால் அளவுக்கோடு தெரியுமா, இரண்டு வருடம் பொறுத்தவருக்கு இன்னும் அரை மணித்தியாலம் பொறுக்க ஏலாமல் போயிற்றா... எழும்பிப் போய்க் கதவைத் தட்டலாமா, அப்பா வெளியிலை வாங்கோ, நான் பிடிக்கிறன் என்று சொல்லலாமா, எழும்பினாள், இருந்தாள். வாங்கில் ஹெல்மெற் பக்கத்தில் கிடந்தது, அம்மா வீட்டில் தண்ணி குடிக்காமல் இருக்கிறா, கச்சானுக்கு இப்போது ஊசி போயிருக்கும், அல்லது போயிருக்காது. எத்தனை பேரை விசாரித்தாள், எத்தனை வீடியோ, எத்தனை நட்சத்திரம், கடைசியில் திரும்பியது இந்த வாசலுக்கு, அது அந்த மனிசிக்கு முயல் தெரியும் என்றா, செத்ததைச் செத்தது என்று சொன்னதாலா, அல்லது அவளுக்கே தெரியாமல் அப்பாவை இங்கே கொண்டுவந்து விடவா... வியாழக்கிழமை அப்பாவின் பெயரை ஏன் மறைத்தாள், சொன்னால் டொக்டர் மறுத்துவிடுவார், பிறகு அப்பாவை இங்கே கொண்டுவர ஏலாது என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்தாளா, இல்லை, அப்படி எல்லாம் இல்லை, அவள் கச்சானுக்காகத்தான் வந்தாள், கச்சானுக்காக மட்டும்தான். கச்சானுக்கு இது சரியா என்பதுதான் இன்னும் தெரியாது. கதவுக்கு அங்கால் கரண்டி மாதிரி ஏதோ தட்டில் வைபட்டது. பிறகு அப்பாவின் குரல் திரும்பவும் கேட்டது, மிகத் தாழ்ந்து, விட்டு விட்டு, வீட்டில் அவள் ஒருநாளும் கேட்டிராத ஒரு மெத்தென்ற குரல், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பதுபோல... காதைக் கதவோடு வைத்துப் பார்த்தாள், அப்பா கதைப்பது டொக்டரோடா, கச்சானோடா என்று இந்தப் பக்கத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.